நாலு கோடும் நிக்குது, நெட் இல்லை

மன்னார்த் தீவில் ரவுட்டருக்கென்றே ஓர் இடம் உண்டு: மடு மாதா சுருவத்துக்குப் பக்கத்துத் தட்டு. மேலே நூலால் பின்னிய விரிப்பு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பூ. சூடு போகத் துளை வைத்த பெட்டிக்கு இவ்வளவு மரியாதை ஆகாது.

"தம்பி, நாலு கோடும் நிக்குது, வீடியோ மட்டும் சுத்துது" என்பார் பெரியம்மா. அந்தக் கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்லும். ரவுட்டருக்கும் வெளியுலகத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்திருந்தால் கோட்டில் தெரியாது.

ரவுட்டரின் வைஃபை அலைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் வேகக்காரன்தான்; கல்வீட்டின் இரண்டாம் சுவரிலேயே களைத்துவிடுவான். 2.4 மெல்ல நடந்தாலும் கிணற்றடி வரை வருவான். ஆனால் அவனுக்கு ஒன்றோடொன்று முட்டாத சனல் 1, 6, 11 என மூன்றுதான். ஒழுங்கை முழுவதும் ஆறிலேயே குந்தியிருந்தால் என்ன செய்ய?

பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஐபி முகவரி பரம ரகசியம். 192.168 என்று தொடங்கும் அது, 1996இல் உள்வீட்டுப் பாவனைக்கென்று வகுத்த பொது இலக்கம். பேசாலையிலும் பாரிசிலும் அதேதான். அவருடைய பாஸ்வேர்ட் 12345678. அது ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

தலைமன்னார்க் கரையில் போன் சிலவேளை இந்தியக் கோபுரத்தைப் பிடித்து, பாஸ்போர்ட் இல்லாமலே அக்கரை சேர்ந்துவிடும். 1914இல் தனுஷ்கோடிக்கு ஓடத் தொடங்கிய கப்பல் நின்று எத்தனையோ காலம். சிக்னல் மட்டும் போய்வருகிறது. ரோமிங்கைத் திறந்து வைத்திருந்தால் பில்லும் வரும்.