450 போதுமா, 600 வேணுமா?

கேள்வி: என்னட்டை 450 அளவு மின்சார றிமோட் ஹெலிகொப்டர் இருக்கு. 600க்கு மாறலாமோ?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கச்சான் காற்றைக் கேட்டால் "மாறு" என்றுதான் சொல்லும். பரந்தன் வயல்வெளியில் அது வீசத் தொடங்கினால், 70 சென்ரிமீற்றர் சுழலியுள்ள 450 தும்பியாய்த் துடிக்கும். 1.35 மீற்றர் சுழலியுள்ள 600 நிதானமாய் நிற்கும், தூரத்திலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும்.

ஆனால் பற்றரியைப் பாருங்கோ. 11.1 வோல்ற், 2200 மில்லி அம்பியர்-மணி இருந்த இடத்தில் 22.2 வோல்ற், 5000 வரும். சக்தி ஏறக்குறைய நாலரை மடங்கு! இறக்கையின் நுனி மணிக்கு 400 கிலோமீற்றரைத் தாண்டும். அந்தக் காபன் இறக்கை மேயிற மாட்டையும் பார்க்காது, மேய்க்கிற பொடியனையும் பார்க்காது. மூக்கு உங்களைப் பார்க்க, 450ஐ ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்த வருமா? வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். கணினிச் சிமுலேற்றரில் பழகுங்கோ.

வந்தால், முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் விசாரியுங்கோ. இரணைமடுவில் விமானப்படை ஓடுபாதை இருக்கு. முகமாலைப் பக்கம் என்றால் இன்னொன்று: மிதிவெடிப் பலகைக்கு அப்பால் விழுந்த ஹெலிகொப்டரை எடுக்கப் போகவே கூடாது, அது எத்தனை லட்சமாய் இருந்தாலும்.