துண்டு போட்டவர் ஒருவர்

எங்கள் அஸ்தினாபுரத்தில் வில்வித்தைக் குருகுலம் கிடையாது. பேருந்து ஜன்னல் வழியே துண்டு வீசி இடம் பிடிக்கும் குறிபார்ப்பு மட்டும் உண்டு. துண்டு போட்டவருக்கே இருக்கை என்பது இங்கே எழுதாத சட்டம். இந்தியத் துப்பாக்கி சுடுதலில் அது செல்லாது.

2022இல் கெய்ரோ உலகச் சாம்பியன்ஷிப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்று, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஓர் இடமும் பிடித்தார் ருத்ராங்ஷ் பாட்டீல். இடம் நாட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல என்பது விதி. 2024இல் டெல்லி, போபாலில் நான்கு தேர்வுச் சுற்றுகள். சிறந்த மூன்றின் சராசரி. இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே அரை மில்லிமீட்டர். அதற்குள்ளும் தசமக் கணக்கு, உச்சம் 10.9! கூட்டிக் கழித்ததில் சந்தீப் சிங்கும் அர்ஜுன் பபுதாவும் விமானம் ஏறினார்கள். துண்டு போட்டவர் வீட்டில்.

துரோணராக இருந்தால், ‘பறவையின் கண் தெரிகிறதா?’ என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பார். பதில் யாரிடமிருந்து வரவேண்டும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். துப்பாக்கி சுடுதல் சம்மேளனம் யாரிடமும் கட்டைவிரலைக் கேட்கவில்லை, முன்னேற்றம்தான். ட்ரிக்கரை இழுப்பது ஆள்காட்டி விரல் என்பது வேறு விஷயம்.