மழைக்கோட்டுப் படலம்: ஓர் ஆராய்ச்சி

கூட்டமாக மலையில் நடக்கப் போகிறவர்கள் மழைக்கோட்டை எந்தக் கணத்தில் மாட்டுகிறார்கள்? வானிலையாளரும் சமூகவியலாரும் கண்டுகொள்ளாமல் விட்ட இந்த வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று குன்றுகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால், அங்குள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1891இல் ஆர்தர் லெனார்ட் என்ற பாதிரியார் லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களை நடைவிடுமுறைக்கு அழைத்துச் சென்றதும் இந்த வட்டாரத்துக்குத்தான். இடத்தேர்வில் குறை சொல்வதற்கில்லை.

இனி நிகழ்முறை. தூறல் விழும். எல்லோருக்கும் தெரியும், எவரும் நிற்கமாட்டார். முதலில் பையை இறக்குபவர் கோழை என்பது எழுதாத சட்டம். யாரோ ஒருவர் இறக்கிவிட்டால் போதும், எல்லாப் பைகளும் இறங்கும். கோட்டு எளிது. இடர் மழைக்கால்சட்டையில். பூட்ஸோடு காலை நுழைத்தால் குதிகால் பாதியில் சிக்கும்; மனிதர் ஒற்றைக்காலில் நொண்டியபடி கல்சுவரைத் தேடுவார், கிடைக்காவிட்டால் பக்கத்தவர் தோளை. அந்தப் பக்கத்தவரும் அப்போது ஒற்றைக்காலில்தான் நிற்பார். கடைசி ஆள் கடைசி ஜிப்பை இழுத்ததும் வெயில் அடிக்கும்.

இது தற்செயல் என்பாரும் உளர். அது பொருந்தாது. வெயிலில் வெந்து, உள்ளாடை வரை வியர்த்து, எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்தபின் மீண்டும் தூறுவதை அவர்களால் விளக்க முடியவில்லை. 2015 டிசம்பரில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் கொட்டியதே எனின், அது புயல். விதிக்குப் புறனடை என்க.

ஆல்ஃப்ரட் வெயின்ரைட் இவ்வட்டாரத்தின் 214 குன்றுகளையும் ஏழு நூல்களில் (1955–66) வரைந்து விவரித்தவர். தனியாக நடப்பதையே விரும்பியவர். ஏகாந்தம் நாடினார் என்பர். ஒருவர் கால்சட்டை மாட்ட ஒருவர் நின்றால் போதும் என்பதே உண்மைக் காரணம் எனத் துணிகிறோம்.

வாங்கப் போகும் வாசகர், பக்கவாட்டில் கணுக்கால் முதல் இடுப்பு வரை ஜிப் வைத்த கால்சட்டையாகப் பார்த்து வாங்குக. விலை கூடுதல்தான், ஆனால் பூட்ஸோடு மாட்டலாம்.