கலங்கிய தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை, பொலித்தீனுக்கு?

எங்கள் புனித யூதா ததேயு திருத்தலத்தைச் ‘சுற்றாடலுக்கு நட்பான’ கோயிலாக மாற்ற முதலில் என்ன செய்யலாம்?
– ஒரு பங்குவாசி, தேற்றாத்தீவு

நட்புப் பிறகு வரட்டும், முதலில் பகையை நிறுத்துவோம். எந்தத் திருவிழாவானாலும் சரி, முடிந்த மறுநாள் விடிய வளவைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். லஞ்ச் ஷீட்டையும் ரெஜிபோம் பெட்டியையும் 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள். பிளாஸ்டிக் கப், கரண்டி, ஸ்ட்ரோ, மாலை, இடியப்பத் தட்டு எல்லாம் 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சட்டப்படி இல்லாத பொருட்கள் கண்முன்னே குவிந்து கிடப்பதைப் புதுமை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அன்னதானத்துக்கு வாழை இலையும் தாமரை இலையும் நம் பக்கத்தில் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கச்சான்காரர் இன்றைக்கும் பழைய பேப்பரைச் சுருட்டித்தான் தருகிறார், அவருக்கு யாரும் கருத்தரங்கு வைக்கவில்லை. இலை போதாவிட்டால் ஒருமுறை காசு சேர்த்துச் சில்வர் கோப்பைகள் வாங்கி வையுங்கள். ‘கழுவுவது யார்?’ என்ற கேள்வியில்தான் இப்படியான கூட்டமெல்லாம் கலையும். இளைஞர் ஒன்றியம் கழுவட்டும். ‘பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று மட்டும் கூட்டறிக்கையில் எழுதாதீர்கள்.

பிரசங்க நேரத்தில் சுவாமி காலநிலை, காபன் என்று பேசுகிறார். இது கோயிலுக்குத் தேவையா?
– களுவாஞ்சிக்குடி

அந்தப் பேச்சுக்கு இலங்கைக்கும் கொஞ்சம் சொந்தம் உண்டு. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் மடுவுக்கு வந்தார். மறுநாள் கொழும்பிலிருந்து மணிலாவுக்குப் பறக்கும்போது நிருபர்கள் காலநிலை பற்றிக் கேட்டார்கள். காலநிலை மாறுவதற்குப் பெரும்பகுதி மனிதன்தான் காரணம் என்றார். சுற்றாடல் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னார். அதே வருடம் ஜூனில் அந்தச் சுற்றுமடல் ‘லவுதாத்தோ சீ’ என்ற பெயரில் வந்தது. சுவாமி அந்த ஜூனுக்குப் பல வருடம் பிந்திப் பேசுகிறார், அவ்வளவுதான்.

தேற்றாங்கொட்டை போட்டால் கோயில் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகுமா? எங்கள் ஊர்ப் பெயரே அந்த மரத்தால்தான் வந்தது என்பார்கள்.
– தேற்றாத்தீவு

தெளியும். சுத்தமாகாது. இரண்டும் ஒன்றென்று நினைப்பதில்தான் வயிற்றோட்டம் தொடங்குகிறது. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள புரதமும் மாச்சத்தும் மண் துணிக்கைகளைப் பிடித்துக் கட்டியாக்கி அடியில் படியவைக்கும். கலித்தொகைப் புலவருக்கே இது தெரிந்திருக்கிறது. கலங்கிய மனம் தெளிவதற்கு உவமையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கிருமி அதற்கு அடங்காது. கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

உங்கள் கிணற்றுக்கு உண்மையான ஆபத்துக் கலங்கல் அல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். அந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. திருவிழாக் காலத்தில் மோட்டாரைப் போட்டு நாள் முழுக்க இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். கூட்டத்துக்கென்று அவசரமாக வெட்டும் மலசலகூடக் குழியும் அதே மணலுக்குள்தான் ஊறுகிறது. மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் போடும் யூரியாவும் அங்கேதான் இறங்குகிறது. குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

பிறகு கூரையைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 200 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் 20,000 லீற்றர். மாரியில் இப்படி ஒரே நாளில் கொட்டுவது நமக்குப் புதினமில்லை. பீலி போட்டுத் தொட்டிக்கு விடுங்கள், முதல் மழையின் அழுக்கை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

மெழுகுதிரிக்குப் பதிலாக பற்றரி மெழுகுதிரி வைக்கலாமா?
– செட்டிபாளையம்

வேண்டாம். சாதாரண மெழுகு பெற்றோலியத்திலிருந்து வருவது உண்மைதான். பற்றரி மெழுகுதிரியோ பிளாஸ்டிக்கும் பற்றரியும் சேர்ந்த குப்பை. ஆளுக்கு ஏழு கொளுத்துவதை விட்டுக் குடும்பத்துக்கு ஒன்று கொளுத்துங்கள். யூதா ததேயு எண்ணிப் பார்ப்பதாக யாரும் சொல்லவில்லை. வடிந்த மெழுகைச் சுரண்டி உருக்கினால் திரும்பவும் திரிதான்.

கோயில் கூரையில் சோலர் போட்டால் கரண்ட் நின்றாலும் மின்விசிறி சுழலும்தானே?
– கல்லாறு

சுழலாது. இதைச் சொல்லாமல் சோலர் விற்பவர்கள் நிறையப் பேர். பற்றரி இல்லாத சாதாரண சோலர், பொது மின்கம்பியில் கரண்ட் நின்ற உடனே தானும் நிற்கும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9இல் ஒரு குரங்கின் பெயரைச் சொல்லி நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்குப் பகல் வெயிலில் பற்றரி இல்லாத சோலர் வீடுகளும் சும்மாதான் இருந்தன.

ஆனாலும் போடலாம். 2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கத்தலங்களுக்குக் கூரைச் சோலர் தரும் திட்டம் தொடங்கியது. மொத்தம் 25 மெகாவாட், தலைக்கு 5 கிலோவாட். நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 20 அலகு வரும். கோயிலின் செலவு ஞாயிறு காலையும் செபமாலை நேரமும்தான். மற்ற நேரமெல்லாம் கூரை உழைக்கும், கணக்கு பில்லில் கழியும். வத்திக்கான் 2008லேயே ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில் 2,400 பலகைகளைப் பரப்பிவிட்டது.

அதே 2025 ஏப்ரலில் இங்கே இன்னொரு கூத்தும் நடந்தது. புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் செலவாகவில்லை, பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டது. அது பெரிய வாரம். உயிர்த்த ஞாயிறும் அதற்குள் வந்தது. சூரியனுக்கே விடுமுறை கொடுத்த நாடு இது.

ஒலிபெருக்கிச் சத்தமும் சுற்றாடல் மாசுதானா? பாடகர் குழுவில் இருப்பவன் என்பதால் கேட்கிறேன்.
– குருக்கள்மடம்

பாடினால் இல்லை, ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்றால் ஆம். மட்டக்களப்பில் லாங் என்றொரு அமெரிக்க இயேசு சபைச் சுவாமி இருந்தார். வாவிக்குள் மைக்கை இறக்கி மீன் பாடுவதைப் பதிவு செய்தார், 1960களில் அது இலங்கை வானொலியிலும் போனது. மைக்கை வாய்க்கு முன்னால் பிடிக்காமல் தண்ணீருக்குள் பிடித்த ஒரே சுவாமி அவராகத்தான் இருப்பார். உங்கள் ஒலிபெருக்கிக்காரருக்கு அவருடைய கதையைச் சொல்லுங்கள்.

ஜூன் 5 சுற்றாடல் தினத்தில் வருடா வருடம் மரம் நடுகிறோம். ஒன்றும் மிஞ்சுவதில்லையே?
– மறைக்கல்வி ஆசிரியை, எழுவான்கரை

ரீச்சர், ஜூனில் நம் கரையில் கச்சான் காற்று. மண் வறுத்த மண். அந்தத் திகதியை வைத்தவர்களுக்கு மட்டக்களப்பு மாரி தெரியாது. திருச்சபையின் ‘படைப்பின் காலம்’ செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை. அதற்குள் பிள்ளைகளைக் கொண்டு குழி வெட்டி, சருகும் சாணமும் போட்டு வையுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு கன்றை இறக்குங்கள். கடற்பக்கம் பனை, தாழை, புன்னை. வாவிக்கரையில் கண்டல். வளவுக்குள் வேம்பு. ஒரு தேற்றா மரமாவது இல்லாமல் ஊர்ப் பெயரை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள்? படம் எடுப்பதை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள். கன்று நின்றால் அதற்குப் பக்கத்தில் நின்று எடுக்கலாம்.

இதெல்லாம் வேதக்காரருக்கு. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில்காரர் நாங்கள் என்ன செய்ய?
– தேற்றாத்தீவு

பொலித்தீன் மதம் பார்ப்பதில்லை. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனோடு சோற்றைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. யானைமுகனைக் கும்பிடும் கையால் பிரசாதத்தைப் பொலித்தீனில் கட்டலாமா என்று உங்கள் ஆலய சபையே முடிவெடுக்கட்டும்.

மீள்சுழற்சி, மீள்பாவனை என்கிறார்கள். கோயிலுக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா?
– பெரியகல்லாறு

குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த ஓலை என்ன ஆகிறது? வீட்டுச் சுவரில் ஒரு வருடம் காய்கிறது. பிறகு கோயிலுக்குத் திரும்பிப் போய் எரிந்து, விபூதிப் புதனன்று உங்கள் நெற்றிக்கு வருகிறது. அந்தப் பாதையில் ஒரு பொலித்தீன் பை கூட இல்லை. பீடத்துப் பூக்களையும் இதே மாதிரிக் குழியில் போட்டுப் பசளையாக்குங்கள், றிபனைக் கழற்றிவிட்டு.

இத்தனையும் நடக்கும் என்று நம்புகிறீர்களா?
– பங்குச் சபை உறுப்பினர் ஒருவர்

கைவிடப்பட்ட காரியங்களுக்கு மன்றாடும் புனிதரின் வளவிலிருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! மன்றாட்டை அவரிடம் விடுங்கள், கூட்டுமாறு உங்கள் கையில் இருக்கட்டும். வாசகர்களுக்கும் ஒன்று: அடுத்த திருவிழாவுக்கு வரும்போது வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வாருங்கள். திரும்பும்போது வெறும் போத்தலையும் கொண்டு போங்கள்.