போடிமெட்டிலிருந்து ஆலமரத்தடிக்கு

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் என்று ஏலக்காய்த் தோட்டங்கள் வரிசையாக வரும். தோட்டம் அந்தப் பக்கம், காய் எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கம். மேலே ஸ்டோரில் உலர்த்திய காய் கீழே போடிக்கு வந்து, சல்லடையில் சலிக்கப்பட்டு, பெண்கள் கையால் பொறுக்கித் தரம் பிரித்து, ஏலத்துக்குப் போகும். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் ஒன்று இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் இருக்கிறது, இன்னொன்று எங்கள் போடியில். மாநில எல்லை மலை உச்சியில் ஓடுகிறது. எங்கள் ஊரின் பிழைப்பு அந்த எல்லையைத் தினமும் இரண்டு முறை தாண்டுகிறது.

என் அம்மா அந்த ஜீப்பில் போனவர். நான் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தோட்டத்தில் தட்டைகளுக்கு நடுவே குனிந்திருப்பார். காய் அதிகமாக இருக்கும் நாட்களில் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுவார். 2011 டிசம்பரில் அப்படித்தான் தங்கியிருந்தார்.

அந்த மாதம் எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. முல்லைப் பெரியாறு அணை கேரள மண்ணில் இருக்கிறது. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. 1895இல் திறந்த அணை உடைந்துவிடும் என்ற பயம் அங்கே. நீர்மட்டத்தை 1979இல் 136 அடிக்கு இறக்கியது இன்னும் ஏற்றப்படவில்லை என்ற கோபம் இங்கே. ‘டேம் 999’ படம் வந்த நேரம் வேறு. குமுளியில் மோதல், கம்பத்திலும் கூடலூரிலும் எல்லையை நோக்கி ஊர்வலம், 144 தடை. மேலே தமிழர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று செய்தி வந்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். கீழே தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் உடைந்தன.

அம்மாவையும் கூட இருந்த பெண்களையும் ஸ்டோர்க்காரரின் மனைவி தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். மலையாளக் குடும்பம். தேடி வந்தவர்களிடம் “இவிடெ ஆருமில்லா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நிலைமை கொஞ்சம் அடங்கியதும் அவருடைய மகனே இரவில் வண்டியில் கூட்டிவந்து மெட்டில் இறக்கிவிட்டுப் போனான். போடியில் எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருந்த சேட்டனின் கடை வாசலில் அதே நாட்களில் தெருக்காரர்கள் மாறி மாறிக் காவலாக உட்கார்ந்திருந்தார்கள். செடியில் பழுத்து உதிரும் காய்க்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. மறுபடி ஜீப் ஓடத் தொடங்கியபோது அம்மா அதே தோட்டத்துக்குத்தான் போனார். தன்னை ஒளித்து வைத்த சேச்சிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சமூக வலைத்தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கியது அந்த வாரங்களில்தான். தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று சொன்னது, மலையாளத் தொலைக்காட்சி நேர்மாறாகச் சொன்னது. இரண்டையும் பார்த்த எனக்கு, இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தால் இந்தப் பொய்கள் நிற்காது என்று தோன்றியது. தொடக்க வருடங்களில் அது நடக்கவும் செய்தது. கட்டப்பனையில் ஓர் ஆசிரியை தினமும் மழை அளவு எழுதுவார். நான் போடியில் கொட்டக்குடி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எழுதுவேன். ஏலச் செடிக்கு வரும் நோய், ரயில் எப்போது திரும்ப வரும், எதைப் பற்றியும் பேசினோம். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 கடைசி நாளோடு மூடப்பட்டிருந்த காலம் அது. அகலப்பாதையில் ரயில் போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. அந்தக் காத்திருப்பையே பல வருடம் சேர்ந்து பேசித் தீர்த்தோம்.

பிறகு தளம் மாறியது. எழுதிய நேரப்படி வந்துகொண்டிருந்த பதிவுகள், எது அதிகம் பேரைச் சீண்டுமோ அது முதலில் என்ற வரிசைக்குப் போயின. மழை அளவைப் பார்த்து யாரும் கொதிப்பதில்லை, அதனால் மழை அளவு கீழே போய்விட்டது. கட்டப்பனை ஆசிரியை எழுதியது என் கண்ணில் படவே இல்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம்தான். போர்வையையும் கம்பையும் வைத்து டோலி கட்டி, வெந்த உடம்புகளை முதலில் தூக்கி வந்தவர்கள் குரங்கணி, கொட்டக்குடிப் பக்கத்துச் சனங்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. அந்த இரவு தளத்தைத் திறந்தால், பெண்பிள்ளைகளுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்டு எழுதியிருந்தவர்கள்தான் என் திரையில் முதலில் வந்தார்கள். மருத்துவமனையில் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள், அடியில் சிரிப்புப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

2021 அக்டோபரில் கோட்டயம் மாவட்டத்துக் கூட்டிக்கலிலும் இடுக்கி மாவட்டத்துக் கொக்கையாற்றிலும் நிலச்சரிவு. அடுத்த வாரமே முல்லைப் பெரியாறு அணையைச் செயலிழக்கச் செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் ஓடியது. நடிகர் பிருத்விராஜும் அதை எழுதினார். தேனி ஆட்சியர் அலுவலகம் முன்னால் அவருடைய உருவப்படம் எரிந்தது. பீதி கிளப்புகிறவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை என்று முதல்வர் பினராயி விஜயன் கேரள சட்டப்பேரவையில் எச்சரிக்க வேண்டியிருந்தது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்றே தீர்ப்பு சொல்லியிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதுகிறவர் எந்தப் பக்கத்திலும் குறைவு.

2011இல் சாலையில் கல் பறந்தது. வீடுகளுக்குள் ஒருவரை ஒருவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றினோம். 2021இல் மலைச் சாலையில் ஒன்றுமே நடக்கவில்லை. முந்தலில் ஜீப்புகள் எப்போதும்போல ஏறின, பூப்பாறையில் டீக்கடையில் எப்போதும்போலக் கடன் எழுதினார்கள். வீட்டுக்குள் கையில் இருந்த போனில்தான் அடிதடி. மலையைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள் இரண்டு மொழியிலும் எங்கள் சார்பில் சண்டை போட்டார்கள்.

சேச்சி அம்மாவை வைத்துக் காப்பாற்றியதை அப்போது எழுதினேன். அம்மாவும் அவரும் ஸ்டோர் வாசலில் நிற்கும் படத்தையும் போட்டேன். இரு பக்கமிருந்தும் வந்தார்கள். அம்மாவின் முகத்தை வெட்டி எடுத்து அதன் மேல் எழுதி அனுப்பினார்கள். எழுதியதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். புகார் கொடுத்தேன், விதிமீறல் எதுவும் இல்லை என்று இயந்திரம் பதில் அனுப்பியது. கணக்கை அழித்தேன்.

அப்படி வெளியேறியவர்கள் ஏராளம். மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பட்டதையடுத்து 2019 நவம்பரில் இந்தியாவில் பலர் ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்குப் போனார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது உலகம் முழுக்க லட்சக்கணக்கில் போனார்கள். 2016இல் ஜெர்மனியின் யூகன் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடானில் விளம்பரம் இல்லை, சிறு சிறு குழுக்கள் தங்கள் சொந்த சர்வரை நடத்துகின்றன, பதிவுகள் நேரப்படி வருகின்றன. நண்பர்கள் என்னையும் அழைத்தார்கள். அதற்குள் நான் தமிழ் விக்கிப்பீடியாவில் உட்கார்ந்துவிட்டேன்.

குரங்கணித் தீ பற்றி 2018இலேயே அங்கே ஒரு திருத்தம் செய்திருந்தேன். இறந்தோர் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறிய நேரம். பழைய எண்ணை மாற்றினேன். ஒருவர் அதைப் பழையபடி ஆக்கினார். எனக்குப் பழகிய இடமாக இருந்தால் அடுத்து வசவு வந்திருக்கும். என் பேச்சுப் பக்கத்தில் “வாருங்கள்” என்று ஒரு வரவேற்பும், கீழே செய்தித்தாள் சான்று சேர்த்தால் எண்ணை மாற்றிவிடலாம் என்று இரண்டு வரியும் இருந்தன. சான்று சேர்த்தேன். அவரே மாற்றிவிட்டு நன்றி சொன்னார். எழுதியவர் ஈழத்துக்காரர், எங்கோ குளிர்நாட்டில் வேலை பார்க்கிறவர் என்று பின்னால் தெரிந்தது. போடி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்ததாகச் சொன்னார்.

இந்தக் கலைக்களஞ்சியத்தை 2003இல் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன். அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 2017இல் கட்டுரைகள் 1 லட்சத்தைத் தாண்டின. பொது உரையாடல் நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கேயும் சண்டை உண்டு. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, ஊர்ப்பெயரை இலங்கை வழக்கில் எழுதுவதா இந்திய வழக்கில் எழுதுவதா என்று வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சான்று கேட்கப்படும். யார் எந்த நிமிடம் எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கக் கிடக்கும். பிடிக்காத வரியை மாற்றி மாற்றி மல்லுக்கட்டினால் நிறுத்திவைப்பார்கள். கத்தினால் கூட்டம் சேராது, ஏனென்றால் கூட்டத்தை எண்ணிக் காட்டும் பலகையே கிடையாது.

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் புனிதர்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய தளத்தில் சீறியவர்களில் சிலரையே இங்கே பார்க்கிறேன். முல்லைப் பெரியாறு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் உட்கார்ந்து நீர்மட்டத்துக்கும் தீர்ப்புக்கும் மேற்கோள் தேடுகிறார்கள். கோபத்தை மேலே தூக்கிக் காட்டிய இடத்தில் கோபக்காரர்களாக இருந்தவர்கள், சான்றைக் கேட்கும் இடத்தில் புத்தகம் புரட்டுகிறார்கள். மனிதர்கள் மோசமாகிவிட்டார்கள் என்று யாராவது அலுத்துக்கொண்டால் இதனால்தான் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. இடத்தைக் கட்டியவர்களையும், அந்தக் கட்டுமானத்தில் காசு பார்த்தவர்களையும் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு வருத்தம் எனக்கு இங்கேயும் இருக்கிறது. அச்சில் வராத எதற்கும் சான்று கிடையாது. காயைக் கையில் உருட்டியே எத்தனை எம்எம் என்று அம்மா சொல்லிவிடுவார். எந்தச் சுற்றுக் காய், எந்தத் தோட்டத்தில் எந்தக் கைப்பக்குவத்தில் உலர்த்தியது என்றும் சொல்வார். அதைக் கட்டுரையில் எழுத எனக்கு வழியில்லை. போடியின் தரம் பிரிக்கும் பெண்களைப் பற்றி யாராவது ஒழுங்காக ஒரு புத்தகம் எழுதியிருந்தால் எத்தனை வரிகள் சேர்த்திருப்பேன்! ஆலமரத்தடியில் இதைக் கேட்டேன். மறுத்தவர்கள்கூட வழி ஒன்று சொன்னார்கள்: படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள், படத்துக்கு விளக்கம் எழுதுங்கள்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சல்லடை, உலர்த்தும் ஸ்டோர், சாக்கில் குத்தியிருக்கும் எண், குரங்கணிப் பாதையின் அறிவிப்புப் பலகை. அம்மா காய் பொறுக்கும் படத்தையும் எடுத்தேன். முகம் வேண்டாம் என்றார். கைகளும் முறமும் மட்டும். ஏற்றுவதற்கு முன்னால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அந்த உரிமத்துக்கு என்ன அர்த்தம் என்பதை விளக்கிச் சொன்னேன். பழைய படத்துக்கு நேர்ந்தது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, போடு” என்றார்.

அந்தப் படத்தை யாரோ ஒருவர் மலையாள விக்கிப்பீடியாவில் எடுத்துப் போட்டிருந்தார். கீழே இருந்த விளக்கத்தை எழுத்துக் கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

“எட்டு எம்எம்னு போட்டிருக்காங்களா? இது ஏழுதான். காயப் பாத்தாலே தெரியலையா அவங்களுக்கு? சேச்சியா இருந்தா சொல்லிருக்கும்.”

அந்தப் படத்தின் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டேன், சல்லடையின் அளவு தெரியும் இன்னொரு படத்தையும் இணைத்து. மறுநாள் விளக்கத்தை மாற்றியிருந்தார்கள். எந்த மாதத்தில் எடுத்த காய் என்று ஒருவர் கேட்டிருந்தார். அம்மாவிடம் கேட்டு, ஆகஸ்டு என்று பதில் போட்டேன்.