ரெண்டு பிள்ளைக சண்டைக்கு ஊரெல்லாம் நாட்டாமை

வா தம்பி, உக்காரு. மொதல்ல அந்தப் போனைத் திண்ணையில கவுத்தி வை. ஓடிப் போயிராது.

என்ன சோலியா வந்த? 'புக்ஸ்மார்ட்' படத்தைப் பத்தி எங்கிட்ட அபிப்பிராயம் கேக்க வந்தியாக்கும். ஊருல இருக்கிறவன் சொன்ன அபிப்பிராயம் பத்தலையா ஒனக்கு?

பாத்தேன்லே. பொங்கல் லீவுக்கு வந்த பேத்தி டிவியில போட்டா. கீழ ஓடுத எழுத்தை அவதான் எனக்கும் ஒங்க பாட்டிக்கும் தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தா. நடுவுல ரெண்டு மூணு எடத்துல 'கரண்டு போச்சு தாத்தா'ன்னு ஓட்டிவிட்டா. டிவிக்கு மட்டும் போற கரண்டு எந்த ஊருல இருக்கு? மேல ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. நானும் கண்டுக்கிடல. வயசானவனுக்குக் கண்ணு தெரியாம இருக்க வேண்டிய நேரம்னு சிலது இருக்குல்ல.

கதை என்ன பெரிய கதை? லாஸ் ஏஞ்சல்ஸ்ல மோலி, ஏமின்னு ரெண்டு பிள்ளைக. விடிஞ்சா பள்ளிக்கூடத்துப் பட்டமளிப்பு. ரெண்டும் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்காத ரகம். மோலிக்கு யேல் யுனிவர்சிட்டியில எடம் கெடச்சாச்சு. அந்தத் தெனாவட்டுல, கூடப் படிச்சவன் அம்புட்டுப் பேரும் பதரு, நாம மட்டும் நெல்லுன்னு இருக்கா. அவ கக்கூஸுக்குள்ள இருக்கும்போது, வெளிய மூணு பேரு அவளைக் கேலி பேசுதது காதுல விழுது. வெளிய வந்து, 'நான் யேலுக்குப் போறேன், நீங்க எங்க போவீக?'ன்னு கேக்கா. ஒருத்தி சொல்லுதா, நானும் யேல்தான். இன்னொருத்தன் பந்து வெளையாடியே ஸ்டான்ஃபோர்டுல எடம் வாங்கிட்டான். மூணாமத்தவன் நேரா கூகுள்ல வேலைக்கே போறான்.

அந்தப் பிள்ளை மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! ஆட்டம் போட்டவனும் கரை சேந்துட்டான். நாமதான் வீணா விரதம் கெடந்துட்டோம். சரி, விட்டதையெல்லாம் ஒரே ராத்திரியில புடிச்சிருவோம்னு ரெண்டு பேரும் நீலக் கலருல ஒரே மாதிரி கூலிக்கார உடுப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்புதாளுக. நீ அழகா, நான் அழகான்னு இல்ல தம்பி. நீதான் அழகு, எவ ஒன்னை இம்புட்டு அழகா இருக்கச் சொன்னான்னு ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கிடுதாளுக. திட்டுத மாதிரியே புகழுதது. எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

படம் வந்தது 2019 மே மாசம். ஒலிவியா வைல்டுங்கிற நடிகை மொத மொதல்ல டைரக்ட் பண்ணுனது. செலவு சுமார் 60 லட்சம் டாலர். ஹாலிவுட்ல அது கறிவேப்பிலைக் காசு. இது வந்த அதே வெள்ளிக்கிழமை டிஸ்னிக்காரன் 'அலாதீன்' படத்தை எறக்கிட்டான். பூதம் வந்து எறங்குன தெருவுல ரெண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கடை விரிச்சா என்ன ஆகும்? மொத மூணு நாள் வசூல் 70 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. கடைசிக்கு உலகம் பூரா சேத்து சுமார் 2.5 கோடி. நம்ம கணக்குல போட்ட காசு நாலு மடங்காத் திரும்பிட்டும்பேன். அந்தத் தொழில்ல அது கணக்கில்லையாம். தியேட்டர்காரன் பங்கு, வெளம்பரச் செலவுன்னு பிச்சுக்கிட்டுப் போயிருமாம்.

அங்கதான் ஆரம்பிச்சுது பஞ்சாயத்து. 'பொம்பளைக படம்னு சனம் கைவிட்டுட்டு'ன்னு ஒரு கூட்டம். தியேட்டருக்கு வந்து பாருங்கன்னு டைரக்டரம்மாவே ட்விட்டர்ல கேட்டுக்கிட்டாக. ஒடனே படம் பாக்கது கடமையாப் போச்சு. பாத்தவன் நல்லவன், பாக்காதவன் பாவி. ஏந்தம்பி, துட்டி வீட்டுக்குப் போறாப்புல தலையைக் காட்டிட்டு வரவா சினிமா? கடமைக்குப் போய் உக்காந்தவனுக்குச் சிரிப்பு வருமா, கொட்டாவி வருமா?

இன்னொரு கூட்டம், 'இது பழைய சூப்பர்பேட் படத்துக்குப் பாவாடை கட்டிவிட்டது'ன்னுச்சு. அது 2007-ல வந்த படம். ரெண்டு பயலுக பள்ளிக்கூடம் முடியுத நேரத்துல ஒரு ராத்திரி பூரா அலையுத கதை. அதுல நடிச்ச ஜோனா ஹில்லோட கூடப் பொறந்த தங்கச்சிதான் இதுல மோலியா வார பீனி ஃபெல்ட்ஸ்டைன். போதாதா? அண்ணன் இலையில தங்கச்சி சாப்புட்டுட்டான்னு ஆரம்பிச்சுட்டானுக. நான் ஒண்ணு கேக்கேன். அந்தப் பயலுக அலைஞ்சப்ப எவனாவது 'ஆண் நட்பைச் சொன்ன காவியம்'னானா? வெறுமனே சிரிப்புப் படம்னுட்டுப் போயிட்டான். பிள்ளைக ரெண்டு சேந்து சிரிச்சா மட்டும் அதுக்கு ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு சொற்பொழிவு. ரெண்டு பொம்பளைக சிரிச்சுப் பேசுதது அம்புட்டு அதிசயமா ஒங்களுக்கு? தெருக் கொழாயடிக்கு ஒரு நாளாச்சும் போயிருக்கியா?

பணக்காரப் பிள்ளைக கதைன்னு சொன்னான் பாரு, அவன் சொன்னதுல ஞாயம் இருக்கு. ஒரு பய படகுல விருந்து வைக்கான், தின்ன ஆளு வரல. ஏமியைப் போலீஸ் புடிச்சிட்டுப் போகுது, விடிஞ்சதும் பட்டமளிப்புக்கு வந்து நிக்கா. எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் போலீஸ் அப்படி விட்டுருமா? அந்த எடத்துல நானும் செருமிக்கிட்டேன்.

ஆனா 'படத்துல வில்லனே இல்ல, அதெப்படி?'ன்னு மொகஞ் சுளிச்சான் பாரு ஒருத்தன், அவனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். கூடப் படிச்ச அம்புட்டுப் பேரையும் பாத்த ஒடனே எடை போட்டு, அந்த எடை தப்புன்னு மோலி தெரிஞ்சுக்கிடுததுதானல கதையே! அதை ஒண்ணேமுக்கா மணி நேரம் பாத்துட்டு, வெளிய வந்து தராசைத் தூக்குதான். விமர்சகனுக நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல போட்டாச்சு. சனம் அதுக்குக் கொறச்சுப் போட்டுச்சு. ஒடனே யாருக்கு அறிவு, யாருக்கு இல்லன்னு அடுத்த சண்டை. மார்க்குக்காரி கதைக்கு மார்க்கு!

ஒரு விமானக் கம்பெனி பொம்பளைப் பிள்ளைக முத்தம் குடுக்குததையெல்லாம் வெட்டிட்டுப் படத்தை ஓட்டுனானாம். டைரக்டரம்மா பொதுவுல சத்தம் போடவும், திரும்ப ஒட்டி வைக்கோம்னான். அவனுக்கும் நடுவானத்துல கரண்டு போயிருக்கும். எம்பேத்தி கெட்டிக்காரி, அவ யாருகிட்டயும் அகப்படல.

சரி, மோலி ஏமி சண்டைக்கு வாரேன். அதுக்காகத்தான் நான் உக்காந்து பாத்தேன்.

ரெண்டு பேருக்குள்ள ஒரு ரகசியச் சொல்லு இருக்கு, 'மலாலா'. பாகிஸ்தான்ல படிப்புக்காகக் குண்டடி பட்டுச்சே, அந்தப் பிள்ளை பேரு. ஒருத்தி அதைச் சொல்லிட்டா மத்தவ காரணங் கேக்காமக் கூட வரணும். அதைச் சொல்லித்தான் மோலி ஏமியை விருந்துக்கு இழுத்துட்டு வாரா. அங்க வந்த எடத்துல ஏமிக்கு மனசு ஒடஞ்சு போகுது. அவ 'மலாலா, போயிருவோம்'னா, மோலி மாட்டேங்கா. புடிச்சுக்கிட்டுது. கூட்டத்துக்கு நடுவுல நின்னு ஒருத்தி மூஞ்சியில ஒருத்தி எரிஞ்சு விழுதாளுக. போட்ஸ்வானாவுக்குக் கொஞ்ச நாள்தான் போறேன்னு சொன்னவ, ஒரு வருசமாங்கிறது அப்பத்தான் வெளிய வருது. சுத்தி நிக்குதவன் அம்புட்டுப் பேரும் போனைத் தூக்கிப் படம் புடிக்கான். அப்படியே சத்தம் அடங்கிப் போகுது. வாய் அசையுது, கை ஆடுது, பேச்சு மட்டும் கேக்கல.

டிவி ரிப்பேராயிட்டுன்னு நான் எந்திரிச்சேன். 'உக்காரும்'னா ஒங்க பாட்டி. 'சத்தம் எதுக்கு? அவளுக என்ன பேசுவாளுகன்னு எனக்குத் தெரியும்.'

தெரியாம என்ன? அவளும் அவ சேக்காளியும் கடனாக் குடுத்த ஒரு மரக்கா கம்புக்காக ஏழு வருசம் பேசாம இருந்தவளுக. கம்பா காரணம்? ஏதோ ஒரு நா அவ கூப்பிட்டப்ப இவ போகல. கம்பு பெறகு வந்து சேந்துக்கிட்டுது.

படம் பூரா ஒங்க பாட்டி பேத்திகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'ரெண்டும் சாப்புட்டுச்சாட்டி?' அரை மணிக்கொருக்கா அதேதான். பேத்திக்குக் கோவம். 'பாட்டி, இது அதைப் பத்தின படம் இல்ல'ங்கா. நெசமாவே அதுக ராத்திரி தின்னது ஸ்ட்ராபெரிப் பழம், அதுலயும் எவளோ போதை மருந்தைத் தடவிக் குடுத்துட்டா. ரெண்டும் பொம்மையா மாறிட்ட மாதிரி மயங்கிக் கெடக்குதுக. 'வெறும் வயித்துல தின்னா வேற என்ன செய்யும்?'னா ஒங்க பாட்டி.

கடைசியில மோலி, ஏமியை ஏர்போர்ட்டுல கொண்டுபோய் விடுதா. போயிட்டு வாரேன், சரி. கார் கெளம்பிட்டு, மோலி மொகம் தொங்கிப் போச்சு. திடீர்னு ஏமி காருக்கு முன்னால வந்து குதிக்கா. பிளேனுக்கு இன்னும் நேரம் கெடக்கு, வா, பேன்கேக் திம்போம்ங்கா. படம் முடிஞ்சுது.

பேத்தி அதைத் தமிழ்ல சொன்னா. 'தோசை திங்கப் போறாங்க பாட்டி.'

'அதான பாத்தேன்'னுட்டு ஒங்க பாட்டி எந்திரிச்சுக் கோழியடைக்கப் போயிட்டா.