பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

கேள்வி: கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல் வலி. இரண்டு பல்லைப் பிடுங்கியும் போகவில்லை. மண்டையைத் திறக்கணும் என்கிறார்களே, ஐயா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பாவம், அந்தப் பற்கள் நிரபராதிகளாக இருந்திருக்கலாம்! முகத்தின் உணர்வை மூளைக்குச் சொல்லும் ஐந்தாம் கபால நரம்புக்கு மூன்று கிளைகள். வலி கிளம்புவது அந்த நரம்பில். கிளைகளில் இரண்டு தாடைகளுக்குப் போவதால் பழி பல்மேல் விழுகிறது. பல் துலக்கினாலும் காற்றுப் பட்டாலும் சுரீர் என்னும். திரையில் பத்துப் பேரைப் பந்தாடும் சல்மான் கானையே இந்த வலி படுத்தி எடுத்தது. 2011இல் அமெரிக்கா போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

பெரும்பாலோருக்குக் காரணம், மூளைத்தண்டின் அருகே நரம்பை உரசித் துடிக்கும் ரத்தக்குழாய். 1930களிலேயே நரம்பு அறுவை மருத்துவர் வால்டர் டான்டி இதைக் கவனித்துச் சொன்னார். அதிகம் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1960களில் இன்னொரு நரம்பு அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கி வழியே பார்த்து, நரம்பையும் ரத்தக்குழாயையும் பிரித்து நடுவே தடுப்பு வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இப்போது வைப்பது பெரும்பாலும் டெஃப்லான். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுவதும் அதுவே!

மண்டையை முழுசாகத் திறப்பதில்லை. காதுக்குப் பின்னால் சின்னத் துளைதான். அதுவும் கார்பமசெபின் மாத்திரைக்கு வலி அடங்காவிட்டால்தான். முதியவர்களுக்கு ஊசி வழியே நரம்பைச் சுடுவது, காமா கதிர் என்று வேறு வழிகளும் உண்டு, முகம் மரத்துப்போகலாம். எதிலும் வலி திரும்பலாம். காதருகே அறுப்பதில் சிலருக்குக் கேட்கும் திறனும் குறையலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் எம்.ஆர்.ஐ.

அமெரிக்கா எதற்கு? வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இலேயே நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிவிட்டார். இந்தப் பக்கம் பெங்களூரு நிம்ஹான்ஸ். இரண்டுமே பஸ் தூரம்தான்.